மார்கழியில் ஓடியது கத்திரியில் ஓடுமா?

கணினிப் பாகங்களைச் சோதித்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 20, 22 டிகிரி குளிரறையில் உட்கார்ந்துதான் சோதிக்கிறார்கள். ஆரணியில் கத்திரி வெயில் நாட்களில் மத்தியானம் 40ஐத் தாண்டும். ஏசி இல்லாத வீட்டில் அந்த வித்தியாசம் ஏறக்குறைய அப்படியே பிராசசர் மேல் போய் உட்காரும். அவர்கள் 75 டிகிரியில் ஓடியது என்று எழுதிய அமைப்பு நம் வீட்டில் 95ஐத் தொடும். ஓவர்க்ளாக் செய்த, அதாவது கம்பெனி குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டிய, கேமிங் கணினி அடிக்கடி விழுகிறது என்று யாராவது வந்து நின்றால், என்ன மாடல் என்று கேட்பதற்கு முன் எந்த அறையில் வைத்திருக்கிறீர்கள் என்றுதான் கேட்பேன். மாடி அறையா, கீழ் அறையா? மேலே ஓடா, தளமா? விழுவது காலையிலா, மூன்று மணி வெயிலிலா? பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

எங்கள் வீட்டுக்குக் கணினி வந்தது 2000இல். அப்பா பட்டு நெசவாளி. முன்கட்டில் குழித்தறி, அதை ஒட்டிய சின்ன அறையில் பட்டு நூலும் ஜரிகையும் வைத்திருப்பார்கள். அந்த அறையின் ஒரு மூலையைத்தான் எனக்கு ஒதுக்கினார்கள். தறி இருக்கும் இடத்தில் ஈரப்பதம் வேண்டும், காற்று அடிக்கக் கூடாது. பாவு காய்ந்தால் இழை அறும். கணினிக்கு வேண்டியதோ நேர்மாறு. மின்விசிறியை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் எனக்கும் அப்பாவுக்கும் தினம் ஒரு பேச்சு நடக்கும். தறிக்கே முதலிடம், அதுதான் நியாயமும்கூட. சோறு அதிலிருந்துதான் வந்தது.

பாகங்கள் சென்னை ரிச்சி தெருவிலிருந்து, பெரும்பாலும் பழசாக, ஒவ்வொன்றாக வந்தன. பிராசசர் செலரான் 300ஏ. 1998 ஆகஸ்டில் இன்டெல் வெளியிட்டது. இன்றைய பையன்களுக்கு அந்தப் பெயர் தெரியாது; எங்கள் தலைமுறையில் கணினியைத் திறந்து பார்த்தவர்கள் யாரும் அதை மறக்க மாட்டார்கள். மலிவு விலைப் பிராசசர். 66 மெகாஹெர்ட்ஸ் பஸ், அதன் மேல் 4.5 மடங்கு, ஆக 300. மடங்கு எண்ணைக் கம்பெனி பூட்டி வைத்திருந்தது. பஸ்ஸைப் பூட்டவில்லை. பஸ்ஸை 100 ஆக்கினால் அதே பிராசசர் 450 மெகாஹெர்ட்ஸில் ஓடும். அதோடு, அதன் 128 கிலோபைட் கேச் பிராசசரின் அதே சில்லில், பிராசசரின் முழு வேகத்தில் இருந்தது. அதைவிடப் பல மடங்கு விலையான பென்டியம் 2இல் 512 கிலோபைட் இருந்தாலும் அது பாதி வேகத்தில்தான் ஓடும். அதனால் 450க்கு ஏற்றிய செலரான் பல விளையாட்டுகளில் 450 பென்டியம் 2க்குத் தோள் கொடுத்து நின்றது. கூலி வாங்கிக் குடும்பம் நடத்தும் வீட்டில் இது பொழுதுபோக்கு இல்லை. அந்த வேகம் வேண்டுமென்றால் எங்களுக்கு இருந்த ஒரே வழி அது.

சில மதர்போர்டுகளில் பஸ்ஸை மாற்ற வசதி இருக்காது. பிராசசர் என்ன சொல்கிறதோ அதையே போர்டு எடுத்துக்கொள்ளும். அதற்கும் வழி இருந்தது. பிராசசர் அட்டையின் விளிம்பில் வரிசையாக உள்ள தகடுகளில் பி21 என்ற ஒன்றை மட்டும் மறைத்துவிட்டால் போர்டு அதை 100 மெகாஹெர்ட்ஸ் ரகம் என்று எடுத்துக்கொள்ளும். மெல்லிய டேப் ஒட்டுவார்கள், நகப்பூச்சு பூசுவார்கள். என் அக்காவின் சிவப்பு நகப்பூச்சு அந்த வேலைக்குப் போயிருக்கிறது. தீக்குச்சி முனையில் தொட்டு, பக்கத்துத் தகட்டில் படாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு பூசவேண்டும். ஒரு தகட்டின் அகலம் அவ்வளவுதான்.

450இல் விண்டோஸ் வந்துவிடும். எல்லோரும் அங்கேயே கொண்டாடத் தொடங்குவார்கள். உண்மையில் வேலை அங்கேதான் ஆரம்பம். ‘புராஜெக்ட் ஐஜிஐ’ ஓடிக்கொண்டே இருக்கும். அரை மணி கழித்துப் படம் உறையும், சத்தம் மட்டும் ஒரே துண்டாகத் திரும்பத் திரும்ப ஒலிக்கும். இல்லையென்றால் நீலத் திரை. இல்லையென்றால் ஒன்றுமே சொல்லாமல் கணினி தானாக மறுபடி தொடங்கும். இதற்கு எங்கே போய்க் கேட்பது? ஊரில் இருந்த கடைக்காரர்களுக்குத் தெரிந்த ஒரே மருந்து விண்டோஸை மறுபடி போடுவது.

வழி காட்டியது அப்பா. அவருக்குக் கணினி தெரியாது. தறி தெரியும்.

ஒரு நாள் புடவைக் கரையில் அன்னம் ஓடிக்கொண்டிருந்தது. ஓர் அன்னத்தின் கழுத்தில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தது. அப்பா நாடாவை நிறுத்திவிட்டு, நெய்து சுருட்டியிருந்த துணியைக் கொஞ்சம் பின்னால் அவிழ்த்து முந்தைய அன்னங்களைப் பார்த்தார். ஜக்கார்டுப் பெட்டியில் ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் கொக்கி மேலே எழும், அந்த இழை தூக்கும். துளை இல்லாத இடத்தில் தூக்காது. எல்லா அன்னத்திலும் கழுத்தில் அதே புள்ளி இல்லையென்றால் அட்டையில் துளை விட்டுப்போயிருக்கிறது, அந்த ஒரு அட்டையைப் பார்த்தால் போதும். அன்னம் மட்டுமில்லாமல் மேலிருந்து கீழ்வரை ஒரே இழைக்கோட்டில் தப்பு ஓடினால் அந்த இழையின் கொக்கியோ கயிறோ கெட்டிருக்கிறது. இங்கே ஒன்று, அங்கே ஒன்று, கணக்கே இல்லாமல் வந்தால் அட்டையையும் கொக்கியையும் தொடக் கூடாது. பெட்டியே சரியாக உட்காரவில்லை. இவ்வளவையும் அவர் நின்ற இடத்திலேயே முடிவு செய்துவிட்டுத்தான் கையை வைத்தார்.

அன்று ராத்திரி நான் கணினியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது: “நிக்கிறது எப்பவும் ஒரே எடத்துலயாடா, கண்ட எடத்துலயா?”

கேள்வி அவ்வளவுதான். இன்றுவரை நான் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று அது. விளையாட்டின் ஒரே கட்டத்தில், ஒரே கதவைத் திறக்கும்போது விழுந்தால் விளையாட்டிலோ டிரைவரிலோ கோளாறு. மற்றவர்கள் கணினியிலும் அங்கேயே விழும். இன்று விளையாட்டில், நாளை பாட்டுக் கேட்கும்போது, மறுநாள் ஜிப் கோப்பைப் பிரிக்கும்போது விழுந்தால் அடிப்படையில் ஏதோ உட்காரவில்லை: ராம், பிராசசருக்குப் போகும் வோல்டேஜ், சூடு, மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி. விண்டோஸை எத்தனை முறை போட்டாலும் அது தீராது.

அதற்கடுத்த பாடத்தை நானே எழுதிவைத்தேன், ஒரு நாற்பது பக்க நோட்டில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். பஸ்ஸைக் கூட்டி, வோல்டேஜையும் கூட்டி, ராமின் தாமதத்தையும் குறைத்துவிட்டு விழுந்தால் எதனால் விழுந்தது என்று யாருக்குத் தெரியும்? 2.0 வோல்ட்டில் 450 நிற்கவில்லை என்றால் 2.1. அதற்குப் பிறகு சோதனை, அதற்குப் பிறகே அடுத்தது. வோல்டேஜ் கூடினால் சும்மா கூடாது. பிராசசர் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும் வோல்டேஜோடு இருமடியாகவும் ஏறும். வோல்டேஜ் பத்து சதவீதம் கூடினால் மின்சாரம் இருபத்தொரு சதவீதம் கூடும், அத்தனையும் சூடாக வெளியே வரும். சூடு கூடினால் மறுபடி நிற்பது கஷ்டம். இந்தச் சுற்றிலிருந்து வெளியே வர ஒரே வழி பெரிய ஹீட்சிங்க், நல்ல காற்று.

நடுவழியில் நிற்பது பாதுகாப்பு என்று நினைத்த நண்பர்கள் இருந்தார்கள். 66க்கும் 100க்கும் நடுவே 83 இருந்தது. 374 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். கேட்கப் பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் காலத்து போர்டுகளில் ஹார்டு டிஸ்க்கும் மற்ற அட்டைகளும் தொங்கும் பிசிஐ பஸ் 33 மெகாஹெர்ட்ஸுக்கானது. பிரதான பஸ்ஸை வகுத்துத்தான் அதைத் தருவார்கள். 100ஐ மூன்றால் வகுத்தால் சரியாக 33. 83ஐப் பல போர்டுகள் இரண்டால்தான் வகுத்தன: 41.5. பிராசசர் அலுங்காமல் ஓடும், ஹார்டு டிஸ்க்கில் எழுதுவது மட்டும் கெட்டுக்கொண்டே போகும். 450ஐவிட 374 ஆபத்தானது. இதை ஒரு நண்பரின் கணினியில் கண்ணால் பார்த்த பிறகு, குறைந்த எண் என்றால் பத்திரம் என்று நான் நம்புவதை விட்டேன்.

சோதனைக்கு அன்று எங்களிடம் இருந்தவை இரண்டு. ஒன்று மெம்டெஸ்ட்86, பிளாப்பியில் போட்டு, விண்டோஸ் இல்லாமலே ராமை மட்டும் சோதிக்கும். இன்னொன்று பிரைம்95. ஜார்ஜ் வோல்ட்மன் 1996இல் தொடங்கிய பெரும் பகா எண் தேடலுக்கான நிரல் அது. மெர்சென் பகா எண்களைத் தேடுகிறவர்களுக்காக எழுதப்பட்டது. எங்களுக்கு அதில் பிடித்தது சித்திரவதைச் சோதனை. விடை முன்கூட்டியே தெரிந்த கணக்கைப் பிராசசரிடம் கொடுத்து, வந்த விடையை ஒப்பிடும். முழு எண்ணுக்கு எவ்வளவு அருகில் வரவேண்டுமோ அதில் 0.4க்கு மேல் தவறினால் பிழை என்று நிறுத்திவிடும். கணினி விழவே இல்லை, திரை அழகாக இருக்கிறது, ஆனால் பிராசசர் கணக்கைத் தப்பாகப் போடுகிறது என்பதை அந்த நிரல்தான் முதலில் எனக்குக் காட்டியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். விழுகிற கணினியைவிட விழாமல் தப்புக் கணக்குப் போடும் கணினியே கொடியது. ஆரணியில் இன்று புடவை டிசைனை வரைபடத்தாளில் போடுகிறவர்கள் குறைவு; கணினியில் போடுகிறார்கள். அந்தப் படத்தில் ஒரு கட்டம் என்றால் பாவில் ஓர் இழையும் ஊடையில் ஓர் இழையும் சந்திக்கும் ஓர் இடம். கோப்பில் ஒரு பிட் புரண்டால் ஒரு கட்டம் மாறும், அட்டையில் ஒரு துளை மாறும், நெசவாளி பல நாள் உட்கார்ந்து நெய்யும் முந்தியில் ஓர் இழை மாறும். கூலி வெட்டப்படுவது நெய்தவருக்கு. டிசைன் போடும் கணினியில் ஓவர்க்ளாக்கும் கூடாது, சோதிக்காத ராமும் கூடாது என்று நான் ஊரில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வது இதனால்தான். விளையாட்டுக் கணினியில் தோற்றால் ஓர் ஆட்டம் போகும்.

இது என் ஒருவனின் பயம் இல்லை. மைக்ரோசாஃப்டில் இருந்த ரேமண்ட் சென் 2005இல் ஒன்று எழுதினார். விண்டோஸ் விழுந்ததாக வந்த அறிக்கைகளில் சில, தவறவே முடியாத கட்டளையில் விழுந்திருந்தன: ஒரு பதிவேட்டைப் பூஜ்யமாக்கு என்பது போன்ற கட்டளை. விசாரித்தால் ஓவர்க்ளாக் செய்த கணினிகள். வாங்கியவர்களில் சிலருக்கு அது ஓவர்க்ளாக் செய்தது என்றே தெரியாது. விற்ற கடை சொல்லாமல் விற்றிருந்தது. 2011இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் பத்து லட்சம் வீட்டுக் கணினிகளின் அறிக்கைகளைப் பார்த்து ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். ஓவர்க்ளாக் செய்தவை அதிகம் விழுந்தன என்பது எதிர்பார்த்ததுதான். என்னை உலுக்கியது வேறு: வன்பொருளால் ஒருமுறை விழுந்த கணினி மறுபடி விழும் வாய்ப்பு பல மடங்கு ஏறுகிறது. ஒருமுறை தானே, பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

மின்சாரத்தைச் சொல்லாமல் எங்கள் ஊர்க் கணினியைப் பற்றிப் பேச முடியாது. ஆரணியும் பக்கத்துக் களம்பூரும் பட்டோடு அரிசிக்கும் பேர்போன ஊர்கள். அரிசி ஆலையில் பெரிய மோட்டார் கிளம்பும் நொடியில் தெருவில் விளக்கு ஒரு சிமிட்டு சிமிட்டும். அந்தச் சிமிட்டில்தான் பல கணினிகள் மறுபடி தொடங்கும். நம் மின்சாரத்தில் ஓர் அலை 20 மில்லிவினாடி. நல்ல எஸ்எம்பிஎஸ் என்றாலும், மின்சாரம் அறவே நின்றால் முழுச் சுமையில் தாங்கும் நேரம் 16, 17 மில்லிவினாடிதான். ஓர் அலைகூட இல்லை. கேபினட்டோடு சும்மா வரும் 450 வாட் என்று ஒட்டிய பெட்டி அதில் பாதியும் தாங்காது. ஓவர்க்ளாக் செய்த பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது 12 வோல்ட் கம்பியில் 11.4க்குக் கீழே போனால் அளவுக்கு வெளியே போய்விட்டது என்று பொருள். ரிச்சி தெருவிலிருந்து வாங்கிய மல்டிமீட்டரை ஹார்டு டிஸ்க் கம்பியில் வைத்து, விளையாட்டு ஓடும்போது எண்ணைப் பார்ப்பேன். பிராசசரைக் குற்றம் சொல்லும் முன் இந்த ஒரு பார்வை எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது.

2012ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. அதோடு ஒரு புதுக் கோளாறும் வந்தது: மின்சாரம் போனால் விசிறி நிற்காது, கணினி மட்டும் நிற்கும். இன்வெர்ட்டரின் பின்னால் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், நார்மல் ஒரு பக்கம், யுபிஎஸ் ஒரு பக்கம். நார்மலில் பேட்டரிக்கு மாற எடுக்கும் நேரத்தை விசிறி தாங்கும், கணினி தாங்காது. சுவிட்சைத் தள்ளிவிட்டால் பலருக்குத் தீர்ந்துவிடும். தீராதவர்களுக்கு வேறு காரணம்: மலிவான இன்வெர்ட்டர் தருவது சதுர அலை, நல்ல எஸ்எம்பிஎஸ்களில் உள்ள ஆக்டிவ் பிஎஃப்சிக்குச் சதுர அலை ஒத்துவராமல் அணைந்துவிடும். பணம் போட்டு நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்கியவருக்குக் கோளாறு, ஓட்டைப் பெட்டி வைத்திருப்பவருக்கு ஒன்றுமில்லை. சைன் அலை தரும் இன்வெர்ட்டர் வாங்குவதுதான் தீர்வு, செலவுதான்.

வெயிலுக்கு வருகிறேன். நோட்டில் என் எண்களெல்லாம் இரண்டு வரிசையாக இருக்கும், மார்கழிக்கு ஒன்று, கத்திரிக்கு ஒன்று. மார்கழி விடியற்காலையில், தெருவில் பாவு போடுகிறவர்கள் கிளம்பும் நேரத்தில், 464 நின்றது. சித்திரையில் 450கூடத் திணறும். குளிர்ந்த மாதத்தில் சோதித்து முடித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் பாதிதான் முடிந்திருக்கிறது என்பேன். மே மாத மத்தியானம் மூன்று மணிக்குப் பக்கவாட்டுக் கதவை மூடிய கேபினட்டில் நிற்பதுதான் ஆரணிக்கு நிலையான வேகம். தூசி வேறு. பட்டுப் பிசிறும் பருத்திப் பிசிறும் ஹீட்சிங்க் இடுக்கில் படிந்து மெத்தைபோல் ஒட்டிக்கொள்ளும். பிரஷ் வைத்துத் துடைத்ததும் ஏழெட்டு டிகிரி இறங்குவதை எங்கள் தெருவில் யார் வீட்டிலும் காட்ட முடியும்.

இப்போது வருவோம் இந்தக் காலத்துக்கு. செலரான் 450இல் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே 2.2 நானோவினாடி இருந்தது. இன்று 5.5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் பிராசசருக்கு 0.18 நானோவினாடி. அதற்குள் சிக்னல் போய்ச் சேர்ந்து அடங்க வேண்டும். கம்பெனி குறித்த 300 வேகத்தில் எங்கள் செலரான் சுமார் 20 வாட் தின்றது. இன்டெல் ஐ9 14900கேவுக்குக் கம்பெனி சொல்லும் உச்ச அளவே 253 வாட். பல மதர்போர்டுகள் அந்த வரம்பையும் எடுத்துவிட்டு, பயாஸில் 4096 வாட் என்று எழுதி வைத்திருந்தன. வரம்பே இல்லை என்பதற்கு அந்த எண். அன்று கம்பெனி எச்சரிக்கையாக ஓர் எண்ணை எழுதித் தரும், அதற்கும் உண்மையான எல்லைக்கும் நடுவே நிறைய இடம் இருக்கும். அந்த இடத்தைத்தான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். இன்று அந்த இடத்தைக் கம்பெனியே எடுத்து விற்றுவிடுகிறது. ஒன்றையும் தொடாதவன் கணினியும் ஏறக்குறைய எல்லையில்தான் ஓடுகிறது.

அதன் விளைவை உலகமே 2024இல் பார்த்தது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேல்நிலைப் பிராசசர்களில், அன்ரியல் என்ஜினில் செய்த விளையாட்டுகள் “வீடியோ நினைவகம் போதவில்லை” என்று சொல்லி விழுந்தன. கிராபிக்ஸ் கார்டில் நினைவகம் தாராளமாக இருந்தது. விளையாட்டு தன் கோப்புகளைப் பிரிக்கும்போது பிராசசர் தப்பாகக் கணக்குப் போட்டதுதான் விஷயம். பிழைச் செய்தி கைகாட்டிய பொருள் குற்றமற்றது. ஜூலையில் இன்டெல், மைக்ரோகோடு பிராசசருக்கு வேண்டியதைவிட அதிக வோல்டேஜ் கேட்டுக்கொண்டிருந்தது என்று சொன்னது. ஆகஸ்டில் 0x129, செப்டம்பரில் 0x12பி என்று திருத்தங்கள் வந்தன. அதிக வோல்டேஜிலும் சூட்டிலும் பிராசசருக்குள் கடிகாரத் துடிப்பைக் கொண்டுசெல்லும் சுற்று முதிர்ந்துபோனது, அதனால் நிற்பதற்குத் தேவையான குறைந்தபட்ச வோல்டேஜே ஏறிவிட்டது என்பது அவர்கள் சொன்ன காரணம். ஏற்கெனவே முதிர்ந்ததைத் திருத்தம் சரிசெய்யாது. உத்தரவாதத்தை மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக நீட்டினார்கள். முந்தைய ஆண்டு ஏப்ரலில் ஏஎம்டியின் ரைசன் 7000 எக்ஸ்3டி ரகங்கள் சில எரிந்தன. ராமின் வேகப் புரொஃபைலைப் போட்டால் சில போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜை மிக உயர்த்திக்கொண்டிருந்தன. அதை 1.3 வோல்ட்டோடு கட்டுப்படுத்திப் புதிய பயாஸ் தந்தார்கள்.

ஓவர்க்ளாக் செய்தால் உத்தரவாதம் போகும் என்று பயந்து பயந்து செய்த காலத்திலிருந்து வந்தவன் நான். ஒன்றும் செய்யாதவருக்கு, கம்பெனி தந்த அமைப்பால், உத்தரவாதத்தை நீட்ட வேண்டிய நிலை வந்ததை அன்று யார் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டேன். ராமும் அப்படித்தான். டப்பாவில் 6000 என்று போட்டிருக்கும். வாங்கிய பையன் தன் கணினி ஓவர்க்ளாக் இல்லை என்று அடித்துச் சொல்வான். டிடிஆர்5க்கு அடிப்படை அளவு 4800. எக்ஸ்எம்பி என்ற அந்த ஒரு வரியை ஆன் செய்தபோதே ஓவர்க்ளாக் ஆகிவிட்டது. விழுகிறது என்று வந்தால் நான் முதலில் அணைப்பது அதைத்தான். நான்கு ராம் போட்டிருந்தால் இரண்டைக் கழற்றுவேன்.

அக்கா மகன் தச்சூரில் பொறியியல் படிக்கிறான். அவன் கணினிக் கோளாறு என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. எட்டு கோர் பிராசசர். மணிக்கணக்கில் விளையாடுவான், ஒன்றும் ஆகாது. சினிபெஞ்ச் சோதனையைப் பத்து முறை ஓட்டினாலும் நிற்கும். பாட வீடியோவை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போய்த் திரும்பினால் கணினி மறுபடி தொடங்கியிருக்கும்.

“வேலை செய்யும்போது நல்லா இருக்கு மாமா, சும்மா இருந்தா விழுது.”

அன்று எங்களுக்கு உழைக்கும்போதுதான் விழும்; சும்மா இருக்கும்போது விழுந்ததே இல்லை. என்ன மாற்றினாய் என்று கேட்டேன். வீடியோ ஒன்றைப் பார்த்து எல்லாக் கோருக்கும் வோல்டேஜை மைனஸ் 30 படி குறைத்திருந்தான். இந்தக் காலத்துக்கு ஏற்ற காரியம்தான் அது. சூடு குறைகிறது, சூடு குறைவதால் வேகம் கூடுகிறது. நாங்கள் ஏற்றிப் பெற்றதை இவர்கள் இறக்கிப் பெறுகிறார்கள். ஆனால் எட்டு கோரும் சேர்ந்து உழைக்கும்போது எல்லாம் கொஞ்சம் நிதானமான வேகத்தில் ஓடும். சும்மா இருக்கும் கணினியில் ஏதோ ஒரு சின்ன வேலை வந்தால் ஒரே ஒரு கோர் தன் உச்ச வேகத்துக்கு ஒரு நொடி தாவும். குறைத்து வைத்த வோல்டேஜ் போதாமல் போவது அந்தத் தாவலில்தான்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவைத் திறக்கச் சொன்னேன். கெர்னல்-பவர் 41 என்று நிறைய இருந்தது. கணினி ஒழுங்காக அணையவில்லை என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. அதற்குப் பக்கத்தில் டபிள்யூஹெச்இஏ-லாகர், எண் 18. அதைத் திறந்தால் கேச் ஹயரார்க்கி எரர், பிராசசர் ஏபிக் ஐடி 6. அடுத்ததைத் திறந்தோம்: 6. அடுத்தது 7. அதற்கடுத்தது மறுபடி 6. ஒரு கோருக்கு இரண்டு எண்கள், எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குகிறது. ஆறும் ஏழும் மூன்றாம் எண் கோர், அதாவது வரிசையில் நான்காவது. நேரம் வேறு, செய்துகொண்டிருந்த வேலை வேறு, கோர் மட்டும் ஒன்றே. மேலிருந்து கீழ்வரை ஒரே இழைக்கோட்டில் தப்பு ஓடினால் அப்பா எங்கே கை வைப்பார் என்பது எனக்குத் தெரியும். அவனிடம் அதைச் சொன்னபோது, தாத்தா தறியை அவன் சின்ன வயதில் பார்த்திருந்ததால், சட்டென்று புரிந்துகொண்டான்.

அந்த ஒரு கோருக்கு மட்டும் மைனஸ் 10 ஆக்கினோம். மற்றவற்றை அப்படியே விட்டோம். பிறகு கோர்சைக்ளர் என்ற நிரலை ஓட்டினோம். அது பிரைம்95ஐயே ஒவ்வொரு கோரிலும் தனித்தனியாக, ஒன்று மாற்றி ஒன்றாக ஓட்டும். எல்லாக் கோரையும் ஒன்றாக அடித்தால் இந்தக் கோளாறு வெளியே வராது என்பதால்தான் இந்த முறை. இரவு முழுக்க ஓடியது. மூன்றாம் எண் நின்றது. ஐந்தாம் எண்ணில் பிழை வந்தது, அது இதற்கு முன் விழாத கோர். அதற்கு மைனஸ் 20. மறுபடி இரவு முழுக்க. எல்லாவற்றையும் அவன் தேதி போட்டு எழுதி வைத்தான், நோட்டில் இல்லை, போனில். மே மாதம் விடுமுறையில் மத்தியானம் மறுபடி ஓட்டிப் பார்க்கச் சொன்னேன், விசிறியை நிறுத்திவிட்டு. இரண்டு கோரை இன்னும் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருந்தது. அதன் பிறகு விழவில்லை.

அவன் நண்பன் ஒருவன், விஷயம் கேள்விப்பட்டு, பழைய 13ஆம் தலைமுறை ஐ7 ஒன்றை ரிச்சி தெருவில் வாங்கப் போவதாக வந்தான். விலை நன்றாக இருக்கிறதாம். வாங்கலாம், ஆனால் பில் இருக்கிறதா, ஐந்து ஆண்டு உத்தரவாதத்தில் எவ்வளவு மிச்சம் என்று முதலில் கேள் என்றேன். டப்பாவோடு விற்றதா, கம்பெனிக் கணினியிலிருந்து கழற்றியதா என்பதைப் பொறுத்து உத்தரவாதம் யாரிடம் என்பது மாறும். பயாஸில் மைக்ரோகோடு 0x12பி அல்லது அதற்குப் பிந்தையதா என்று பார். பழைய மைக்ரோகோடிலேயே நீண்ட நாள் ஓடியிருந்தால் முதிர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. செவன்-ஜிப்பின் சோதனையை ஓடவிடு, கிராபிக்ஸ் டிரைவரைப் பிரித்து நிறுவிப் பார்; கெட்ட பிராசசர்கள் கோப்பைப் பிரிக்கும் வேலையில்தான் முதலில் காட்டிக்கொடுத்தன. அரை மணி நேரமாவது கடையிலேயே ஓட வேண்டும். சம்மதிக்காத கடையில் வாங்காதே.

முதல் இரண்டு கடையில் முடியாது என்றுவிட்டார்களாம். மூன்றாவது கடைக்காரர் தன் மேஜையிலேயே பூட்டி, இவன் போதும் என்று சொல்லும்வரை ஓடவிட்டிருக்கிறார். பில்லும் கொடுத்தார். அங்கேதான் வாங்கினான்.